வரமும் அழைப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாலிபர் கூடுகையில் "கேள்வி இருந்தால் கேளுங்கள்" என்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கூட்டம் முடிந்து நாற்காலியை அடுக்கும்போதுதான் ஒவ்வொருவராகப் பக்கத்தில் வருவார்கள். தேவன் மற்றவர்களுக்கு உதவக் கொடுக்கும் திறனான வரம், அவர் ஒருவரை ஒரு வேலைக்குக் கூப்பிடும் அழைப்பு, இவற்றைப் பற்றி அப்படி வந்த கேள்விகள்தான் இவை. பதில் எழுதியிருப்பது போதகர் இல்லை. வேலைக்குப் போய்க்கொண்டே சபையில் வேதபாடம் நடத்தும் ஒரு சாதாரண ஆள். வசனங்களை உங்கள் வேதாகமத்தில் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். மற்றவை என் கருத்து.

எனக்குப் பாட வராது, நாலு பேர் முன்னால் பேசவும் வராது. அப்படியென்றால் எனக்கு வரமே இல்லையா?

வரம் என்றாலே மைக் முன்னால் நடப்பது என்று நம் சபைகளில் ஆகிவிட்டது. கொயரில் பாடினால் வரம், கீபோர்டு வாசித்தால் வரம், செய்தி கொடுத்தால் பெரிய வரம். பவுல் போட்ட பட்டியல் வேறு மாதிரி இருக்கிறது. ரோமர் 12-ல் தீர்க்கதரிசனம், போதகம் ஆகியவற்றோடு அதே மூச்சில் பகிர்ந்துகொடுப்பதும் இரக்கம் செய்வதும் வருகின்றன. 1 கொரிந்தியர் 12:28-ல் அற்புதங்கள், குணமாக்கும் வரங்கள் என்று போய்க்கொண்டிருக்கும்போதே, உதவி செய்வதும் நிர்வாகம் செய்வதும் அதே வரிசையில் நிற்கின்றன.

இன்னும் பின்னால் போனால் யாத்திராகமம் 31. தேவ ஆவியினால் நிரப்பினேன் என்று கர்த்தர் ஒருவனைப் பேர் சொல்லிச் சொல்கிறார். அவன் பெசலெயேல். அவன் பிரசங்கியாரும் இல்லை, ஆசாரியனும் இல்லை. பொன், வெள்ளி, வெண்கல வேலையும் கல் வெட்டுவதும் மரம் செதுக்குவதும் தெரிந்த கைத்தொழிலாளி. கூட வேலை செய்ய அகோலியாப் என்று ஒருவனையும் கொடுக்கிறார். நாலு அதிகாரம் தள்ளி, ஆட்டு மயிரை நூற்றுக்கொடுத்த பெண்களைப் பற்றியும் எழுதியிருக்கிறது. இஸ்ரவேலர் ஆராதனைக்காக அமைத்த ஆசரிப்புக் கூடாரத்துக்கு அந்த நூலும் தேவைப்பட்டது.

உங்கள் சபையிலேயே பாருங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு வீட்டில் இறப்பு என்றால் முதல் போன் யாருக்குப் போகிறது? ஃபிரீசர் பெட்டிக்குச் சொல்லி, கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்ட ஆள் பிடித்து, வெளியூர்க்காரர்களுக்குச் சாப்பாடு ஏற்பாடு செய்து, அழுகிற வீட்டில் சத்தம் போடாமல் எல்லாவற்றையும் நடத்துகிற ஒருவர் எல்லாச் சபையிலும் இருப்பார். அவருக்கு யாரும் சால்வை போட்டதில்லை. அவரிடம் இருப்பது வரம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

சரி, எனக்கு எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தாளில் டிக் போட்டு மதிப்பெண் கூட்டிப் பார்க்கும் படிவங்கள் முகாம்களில் கொடுப்பார்கள். போடுங்கள், தப்பில்லை. ஆனால் விடுமுறை வேதாகமப் பள்ளியில் பத்து நாள் சின்னப் பிள்ளைகளோடு இருந்தால், உங்களுக்குப் போதிக்க வருமா, வராதா என்று மூன்றாவது நாளே தெரிந்துவிடும். படிவம் அதைச் சொல்லாது. தேவை இருக்கிற இடத்தில் போய் நில்லுங்கள், கொஞ்ச நாள் செய்யுங்கள், கூட இருப்பவர்களிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். நமக்கு இருக்கிற வரம் நம்மைவிடப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு முன்னால் தெரியும். இல்லாததும் அவர்களுக்குத்தான் முன்னால் தெரியும், முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான்.

தாலந்து உவமையில் ஒரு தாலந்துக்காரன் பணத்தைத் திருடவில்லையே. பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தவனுக்கு ஏன் இவ்வளவு பெரிய தண்டனை?

மத்தேயு 25:14 முதல் 30 வரை வருகிற உவமை. எஜமான் பிரயாணம் போகும்போது ஒருவனுக்கு ஐந்து, ஒருவனுக்கு இரண்டு, ஒருவனுக்கு ஒன்று என்று அவனவன் திறமைக்குத் தக்கபடி தாலந்துகளைக் கொடுக்கிறான். முதல் இருவரும் வியாபாரம் செய்து இரட்டிப்பாக்குகிறார்கள். மூன்றாவது ஆள் நிலத்தைத் தோண்டிப் புதைக்கிறான்.

முதலில் தொகையைக் கவனியுங்கள். ஒரு தாலந்து என்பது சுமார் 6,000 வெள்ளிப் பணம். ஒரு கூலியாளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பணம் என்று மத்தேயு 20-ல் இருக்கிறது. கணக்குப் போட்டால் ஒரு தாலந்து ஏறக்குறைய இருபது வருடக் கூலி. "எனக்கு ஒரே ஒரு தாலந்துதான்" என்று ஜெபக்கூட்டத்தில் தாழ்மையாகச் சொல்கிறோமே, அந்த ஒன்றே ஒரு குடும்பம் ஆயுள் முழுக்க உழைத்தாலும் சேர்க்க முடியாத பணம். மூன்றாவது ஊழியக்காரனை எஜமான் அற்பமாக நினைக்கவில்லை.

இரண்டாவது, நடுவில் நிற்கும் இரண்டு தாலந்துக்காரனை நாம் மறந்துவிடுகிறோம். 21-ம் வசனத்தையும் 23-ம் வசனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்தோடு வந்தவனுக்கும் நாலோடு வந்தவனுக்கும் ஒரே பாராட்டு. "கொஞ்சத்திலே உண்மையாயிருந்தாய்" என்பது இருவருக்கும் பொது. நம் ஊரில் என்றால் பத்துக்கு ஒரு கேடயமும் நாலுக்கு ஒரு சான்றிதழும் கொடுத்திருப்போம்.

இப்போது மூன்றாமவன். அந்தக் காலத்தில் பணத்தை மண்ணில் புதைப்பது பாதுகாப்பான வழிதான்; அவனை முட்டாள் என்று சொல்ல முடியாது. ஆனால் அவன் கணக்கு கொடுக்கும்போது பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் எஜமானைப் பற்றிப் பேசுகிறான். நீர் கடினமுள்ள மனுஷன், விதைக்காத இடத்தில் அறுக்கிறவர், அதனால் பயந்தேன் என்கிறான். இருபது வருடக் கூலியை நம்பிக் கையில் கொடுத்துவிட்டுப் போனவரைப் பற்றி அவன் வைத்திருந்த எண்ணம் அது. எஜமானும் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை, குறைந்தது காசுக்காரரிடம் போட்டிருந்தால் வட்டியாவது வந்திருக்குமே என்றுதான் கேட்கிறான். அந்தச் சின்ன முயற்சிகூட நடக்கவில்லை. பயம் அவனைச் சும்மா உட்கார வைத்தது. அந்தப் பயத்துக்கு எஜமான்தான் காரணம் என்று பழியையும் போட்டான்.

வியாபாரம் செய்து நஷ்டப்பட்டவன் ஒருவன் இந்தக் கதையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. உவமையில் அதற்குப் பதில் இல்லை. மற்ற இருவரிடமும் எஜமான் பேசிய விதத்தைப் பார்த்தால், முயன்று தோற்றவனை அவன் வெளியே தள்ளியிருக்க மாட்டான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம், 30-ம் வசனத்தோடு வேதத்தை மூடிவிடாதீர்கள். அடுத்து வருவது செம்மறியாடுகள், வெள்ளாடுகள் பகுதி. பசியாயிருந்தவனுக்குச் சாப்பாடு, அந்நியனுக்கு இடம், நோயாளியை விசாரிப்பது, சிறையில் இருப்பவனைப் பார்க்கப் போவது. தாலந்தை எங்கே முதலீடு செய்வது என்று கேட்கிறவர்களுக்கு முகவரி அங்கே இருக்கிறது. இந்த உவமையைச் சொல்லிக் கட்டட நிதிக்குப் பணத்தை இரட்டிப்பாக்கித் தரச் சொல்கிற வழக்கம் எனக்குப் பிடிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறவித் திறமையும் ஆவிக்குரிய வரமும் ஒன்றா?

இரண்டையும் கொடுக்கிறவர் ஒருவர்தான். கணக்கில் கெட்டிக்காரராகப் பிறந்தவர் அதைச் சபைப் பொருளாளராக ஒளிவுமறைவில்லாமல் செய்யும்போது, எது திறமை, எது வரம் என்று கோடு கிழிப்பதில் யாருக்கும் லாபமில்லை. ஒருவருக்கொருவர் உதவி செய்யத்தான் வரம் என்று 1 பேதுரு 4:10 சொல்கிறது. என்னிடம் இருப்பதால் வேறு யாருக்காவது பிரயோஜனம் உண்டா என்று கேட்டுப் பார்த்தால் போதும்.

ஐயா, ஐ.டி. வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வரும்படி ஒரு கன்வென்ஷனில் எழுந்து நின்றேன். இப்போது குழப்பமாக இருக்கிறது.

எழுந்து நின்றது பொய்யில்லை தம்பி. ஆனால் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த முடிவைத் திங்கட்கிழமை காலையில் இன்னொரு தடவை பார்ப்பது அவிசுவாசமும் இல்லை.

நம் பக்கத்து ஆட்கள் இருவரைச் சொல்கிறேன். ஒருவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874-ல் வெள்ளாளன்விளையில் ஒரு கிராமப் போதகருக்குப் பிறந்தவர். ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில் செயலாளராக இருந்தார். 1902-ல் யாழ்ப்பாணம் போனபோது, அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே காசு போட்டு மிஷனரி ஊழியம் நடத்துவதைப் பார்த்தார். அது அவரை உலுக்கியது. மறு வருடமே, 1903-ல், திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. நிஜாம் ஆட்சியில் இருந்த தெலுங்குப் பகுதியான தோர்ணக்கல்லுக்கு முதலில் மற்றவர்களை அனுப்பினார்கள். கடைசியில் 1909-ல் அவரே நல்ல வேலையை விட்டுவிட்டு அங்கே போனார். 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார், 1945-ல் இறக்கும்வரை அந்த ஊரோடேயே இருந்தார். ஒன்றைக் கவனியுங்கள்: யாழ்ப்பாணத்தில் உள்ளம் அசைந்ததற்கும் தோர்ணக்கல்லுக்குக் குடிபோனதற்கும் நடுவில் ஏழு வருடம். அந்த ஏழு வருடமும் அவர் சும்மா இருக்கவில்லை.

இன்னொருவர் ஆபிரகாம் பண்டிதர். 1859-ல் தென்காசிப் பக்கம் சாம்பவர்வடகரையில் பிறந்து, தஞ்சாவூரில் ஆசிரியராக இருந்து, பிறகு சித்த மருத்துவத்தில் முழுநேரமாக இறங்கியவர். மருந்து தயாரித்து நன்றாகச் சம்பாதித்தார். அந்தக் காசைத் தமிழிசை ஆராய்ச்சியில் கொட்டினார். 1912 முதல் தஞ்சாவூரில் சொந்தச் செலவில் இசை மாநாடுகள் நடத்தினார். 1917-ல் கருணாமிர்த சாகரம் என்ற பெரிய நூலை வெளியிட்டார். பழந்தமிழிசையை ஆராய்கிறவர்கள் இன்றும் அவரைத் தாண்டிப் போக முடியாது. அங்கி போடாத, பிரசங்க பீடம் ஏறிப் பிழைக்காத விசுவாசி.

இரண்டு பேரில் யார் முழுநேரம், யார் பகுதிநேரம்? பவுலே கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளோடு கூடாரம் செய்து பிழைத்தார் (அப்போஸ்தலர் 18:3). வேலையை விடச் சொல்லும் அழைப்பு உண்டு. வேலையிலேயே இருக்கச் சொல்லும் அழைப்பும் உண்டு. இரண்டாவதற்கு ஒப்புக்கொடுக்கும் ஆராதனை நடத்துவதில்லை என்பதால் அது இல்லை என்று ஆகிவிடாது. உங்கள் விஷயத்தில் முதலில் பார்க்க வேண்டியது ஒன்று: இப்போது சனி, ஞாயிறில் கையில் இருக்கிற ஊழியத்தை எப்படிச் செய்கிறீர்கள்? வீட்டுக் கடன், அப்பா அம்மா மருந்துச் செலவு என்ன நிலையில் இருக்கிறது? சொந்த வீட்டாரை விசாரிக்காமல் இருப்பதைப் பற்றி 1 தீமோத்தேயு 5:8 ரொம்பக் கடுமையாகப் பேசுகிறது. வேலையில் மேனேஜரோடு ஒத்துவரவில்லை என்பதற்காக ஊழியத்துக்கு வருகிறவர்கள், இங்கே கமிட்டியோடும் ஒத்துவராமல் தவிப்பார்கள்.

"உங்களுக்காக நான் கொண்டிருக்கும் நினைவுகளை அறிவேன்" என்று எரேமியா 29:11-ல் வாக்குத்தத்தம் எடுத்தேன். நினைத்தது எதுவும் நடக்கவில்லையே?

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில், வரும் வருடத்துக்கான வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுக்கும்போது இந்த வசனம் வந்தால் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் இது யாருக்கு எழுதின கடிதம்? பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு. முந்தின வசனத்தில் எழுபது வருடம் என்று இருக்கிறது. கடிதத்தைக் கையில் வாங்கிப் படித்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் திரும்பி வருவதைப் பார்த்திருக்கவே முடியாது. அதற்கும் முன்னால், ஐந்தாம் வசனம் முதல், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், நீங்கள் இருக்கிற அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று இருக்கிறது. சீக்கிரமே ஊர் திரும்பலாம் என்று சொன்ன தீர்க்கதரிசிகளைத்தான் எரேமியா பொய்யர்கள் என்கிறார்.

அதனால் இந்த வருடத்துக்குள் விசா, இந்த வருடத்துக்குள் வரன் என்று இந்த வசனத்தில் தேதி தேடாதீர்கள். பிடிக்காத ஊரில் தோட்டம் போடுவதும் கர்த்தர் சொன்ன காரியம்தான்.

ஒரு தீர்க்கதரிசி என் தலையில் கை வைத்து, நான் தேசங்களுக்குப் போவேன் என்றார். எதிர்பார்த்துக் காத்திருக்கலாமா?

காத்திருக்கும்போது தினப்படி வேலையை நிறுத்தாதீர்கள். தீர்க்கதரிசனத்தை அற்பமாக நினைக்காதீர்கள், எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள் என்று 1 தெசலோனிக்கேயர் 5-ல் இரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன. காணிக்கை கவரோடு வருகிற தீர்க்கதரிசனத்தை இரண்டு தடவை சோதியுங்கள்.

வியாதியில் படுத்துவிட்டேன். என்னை வைத்துத் தேவன் இனி என்ன செய்ய முடியும்?

இதற்கு வேகமாகப் பதில் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். என்னால் முடிந்தது, நடந்த ஒரு வாழ்க்கையைச் சொல்வது.

மேரி வர்கீஸ் கேரளத்தில் 1925-ல் பிறந்தவர். வேலூர் சி.எம்.சி. என்ற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் படித்து அங்கேயே இளம் மருத்துவராக இருந்தார். 1954 ஜனவரியில் சக மருத்துவர்களோடு போன வண்டி விபத்தில் சிக்கியது. முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. முகத்திலும் காயம். இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயதில் ஒரு மருத்துவருக்கு இப்படி ஆனால் அத்தோடு முடிந்தது என்றுதான் அந்தக் காலத்தில் யாரும் நினைப்பார்கள்.

அங்கே பால் பிராண்ட் என்ற மருத்துவர், தொழுநோயில் மடங்கிப்போன கைவிரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் சிகிச்சையைச் செய்துகொண்டிருந்தார். கை அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அந்த வேலையைக் கற்றார். ஊர் ஒதுக்கி வைத்திருந்த தொழுநோயாளிகள், நடக்க முடியாத ஒரு மருத்துவர் தங்கள் கையைச் சரிசெய்வதைப் பார்த்தார்கள். பிறகு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் தனக்கு மறுவாழ்வுச் சிகிச்சை, அதன்பின் நியூயார்க்கில் அதே துறையில் மேல்படிப்பு. திரும்பி வந்து வேலூரில் அந்தத் துறையைக் கட்டி எழுப்பினார். 1966-ல் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-ல் பத்மஸ்ரீ. 1986-ல் காலமானார்.

இதை வைத்து "உங்களுக்கும் அப்படி நடக்கும்" என்று சொல்ல மாட்டேன். பெரும்பாலானவர்களுக்கு நடக்காது. விபத்தைத் தேவன் திட்டம் போட்டு அனுப்பினார் என்று சொல்லவும் எனக்குத் தைரியம் இல்லை. நான் கவனிப்பது ஒன்றைத்தான்: அவர் எழுந்து நடக்கிற நாளுக்காக எல்லாவற்றையும் தள்ளிப்போடவில்லை. மிச்சம் இருந்தது இரண்டு கை. அந்தக் கைக்குப் பொருந்துகிற வேலையைப் பக்கத்தில் இருந்த ஒருவர் கண்டுபிடித்துக் கொடுத்தார். நோயாளிகளுக்கு அப்படிப்பட்ட ஒரு நண்பரும் வேண்டும். ஜெபிக்க வருகிறவர்கள் அதையும் யோசிக்கலாம்.

சபையில் எனக்கு வாய்ப்பே தருவதில்லை. குறிப்பிட்ட குடும்பத்து ஆட்களுக்கே எல்லாம்.

நீங்கள் சொல்வது பல இடங்களில் உண்மை. சாதி, பணம், தேர்தல் அணி எல்லாம் நம் சபைகளுக்குள் இருக்கிறது. இல்லை என்று மழுப்புவது பாவம். பேச வேண்டிய இடத்தில் பேசுங்கள். ஆனால் வாய்ப்பு என்று நீங்கள் சொல்வது மேடையா, வேலையா? மேடை அவர்கள் கையில் இருக்கலாம். அரசு மருத்துவமனையில் துணைக்கு ஆள் இல்லாத நோயாளிக்கு ராத்திரி இருக்கப் போகிறேன் என்றால் எந்தக் கமிட்டியும் தடுக்காது, போட்டிக்கும் யாரும் வர மாட்டார்கள்.

வீடு, பிள்ளைகள், மாமியார், வேலை. ஊழியம் செய்ய எனக்கு நேரம் எங்கே இருக்கிறது?

சகோதரி, உங்களுக்கு இன்னொரு வேலையைச் சேர்க்க நான் வரவில்லை. யோப்பாவில் தொற்காள் இறந்தபோது விதவைகள் பேதுருவிடம் காட்டினது அவள் தைத்துக்கொடுத்த துணிகளைத்தான் (அப்போஸ்தலர் 9:39). திருநெல்வேலிப் பக்கம் சோறு வடிக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து ஊழியத்துக்குக் கொடுக்கும் கைப்பிடி அரிசி வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பணம் கையில் இல்லாத பெண்கள் அரிசியாகக் கொடுத்தார்கள்.

அதற்காக, பெண்ணின் வரம் அடுப்படியோடு சரி என்று யாராவது இதை வைத்துச் சொன்னால், ரோமர் 16-ஐ எடுத்துக் காட்டுங்கள். பவுல் அங்கே முதலில் சிபாரிசு செய்வது கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி பெபேயாளைத்தான். வீட்டு ஆண்களுக்கு ஒரு வார்த்தை: ஞாயிறு மாலை பாத்திரத்தை நீங்கள் கழுவினால் உங்கள் மனைவிக்குப் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குப் போக நேரம் கிடைக்கும்.

என் வயதுப் பையன் பெரிய பாடகன் ஆகிவிட்டான். பொறாமையாக இருக்கிறது.

பேதுருவுக்கும் இருந்தது. யோவானைக் காட்டி, ஆண்டவரே இவன் காரியம் என்ன என்று கேட்டார். "உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா" என்று பதில் வந்தது (யோவான் 21:22). அதற்கு மேல் விளக்கம் இல்லை.

பாடவும் பிரசங்கிக்கவும் பணம் வாங்கலாமா?

வாங்கலாம். சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்களுக்கு அதனால் பிழைப்பு உண்டாகவேண்டும் என்று 1 கொரிந்தியர் 9:14 சொல்கிறது. அதே அதிகாரத்தில் பவுல் அந்த உரிமையைத் தான் பயன்படுத்தவில்லை என்கிறார். போக்குவரத்தும் சாப்பாடும் தராமல் "கர்த்தர் தருவார்" என்று அனுப்பிவைக்கும் சபைகளும் உண்டு, லட்சத்தில் முன்பணம் கேட்டுச் சின்னச் சபைகளுக்குத் தேதி கொடுக்காதவர்களும் உண்டு. இரண்டும் அசிங்கம்.

ரிட்டயர் ஆகிவிட்டேன். இனி என்ன புதிதாக?

புதிதாக எதுவும் வேண்டாம். நீங்கள் முப்பது வருடம் ஆபீசில் இருந்தவர். மனு எழுதத் தெரியும், எந்த மேஜையில் எந்தத் தாள் நிற்கும் என்று தெரியும். உங்கள் சேகரத்தில், அதாவது உங்கள் போதகரின் கீழ் வரும் சபைகளில், விதவை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கத் தெரியாமல் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று போதகரிடம் கேளுங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறியதால் ஆதாரும் ரேஷன் அட்டையும் ஒத்துப்போகாமல் அலைகிறவர்கள் நிச்சயம் இருப்பார்கள். வாரத்தில் ஒரு நாள் காலை ஆலய வராந்தாவில் மேஜை போட்டு உட்காருங்கள். பேனா, நகல் எடுக்கக் கொஞ்சம் சில்லறை, படிக்கும் கண்ணாடி. வி.ஏ.ஓ. அலுவலகத்துக்குக் கூடப் போய்வர சைக்கிளோ ஸ்கூட்டரோ வைத்திருக்கிற ஒரு வாலிபனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவனுக்கும் பழக்கமாகும்.